‘எல்லாம் மனப்பிரமை’ என்று சொல்வதற்கு முன்

உடலில் குறையேதும் இல்லை என்று பரிசோதனை அறிக்கைகள் கூறுகின்றன. ஆயினும் நோயாளி “வலிக்கிறது” என்கிறார். “மருத்துவமனை என்று நினைத்தாலே குமட்டுகிறது” என்கிறார். “மருத்துவர் சொன்னது எதுவும் நினைவில் நிற்கவில்லை” என்கிறார். இத்தகைய வேளைகளில், அன்பு மிகுந்த குடும்பங்களிலும்கூட ஒரு சொல் எளிதாக வந்துவிடுகிறது: “ஒன்றுமில்லை அம்மா, எல்லாம் உங்கள் மனப்பிரமை.” ஆறுதலாகச் சொல்லப்படும் இச்சொல், கேட்பவர் காதில் “நீங்கள் பொய் சொல்கிறீர்கள்” என்றே விழுகிறது. அதன்பின் அவர் தம் துன்பத்தை வெளியே சொல்வதைக் குறைத்துக்கொள்கிறார். அவ்வாறு சொல்லாமல் விடப்படுபவற்றுள், மருத்துவர் அறிந்தே ஆகவேண்டிய அறிகுறிகளும் இருக்கக்கூடும்.

மனம் சார்ந்தது என்பது வேறு. பொய்யானது என்பது வேறு. இவ்விரண்டையும் பிரித்து அறிவதற்கு உளவியலின் சில அடிப்படைக் கருத்துகள் பெரிதும் துணைசெய்கின்றன. உளவியல் என்பது மனநோய்களை மட்டும் ஆராயும் துறை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில், நாம் எவ்வாறு உணர்கிறோம், எவ்வாறு கற்கிறோம், எவ்வாறு நினைவில் கொள்கிறோம், எதனால் அஞ்சுகிறோம் என்பனவற்றைச் சோதனைகளின்வழி ஆராயும் அறிவியல் அது. 1879-ஆம் ஆண்டு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் தொடங்கிய ஆய்வுக்கூடத்தையே அதன் பிறப்பிடமாகக் கொள்வர். இந்தியாவில் கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1916-இல் இத்துறையைத் தொடங்கியது. நம் நகரில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறை 1943-இல் ஜி. டி. போவாஸ் தலைமையில் உருவாயிற்று. கல்லூரி முதலாண்டு மாணவர்கள் பயிலும் அத்துறையின் தொடக்கப் பாடங்களுள், நோயுற்றோருக்கும் அவரைப் பேணுவோருக்கும் உடனடியாகப் பயன்படும் ஐந்தினை இங்குக் காண்போம்.

1. புலனுணர்வும் புலன்காட்சியும்

மார்கழி மாதத்தில் மயிலாப்பூர் சபா ஒன்றில் அருகருகே இருவர் அமர்ந்து கச்சேரி கேட்கின்றனர் என்று கொள்வோம். இருவர் செவிகளையும் அடையும் ஒலியலைகள் ஒன்றே. இசைப்பயிற்சி உடையவர் ஆலாபனையின் முதற்சில விநாடிகளிலேயே ‘இது காம்போதி’ என்று கண்டுகொள்கிறார். மற்றவருக்கு அது இனிய குரலாக மட்டும் கேட்கிறது. செவி பெற்றுத் தந்தது புலனுணர்வு. மூளை அதற்குத் தன் அறிவையும் எதிர்பார்ப்பையும் கூட்டிப் பொருள் கொண்டது புலன்காட்சி. நாம் உலகை அறிவது எப்போதும் இவ்விரண்டின் கூட்டினாலேயே ஆகும்.

இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டியவர்களுள் ஒருவர் நம்மவர். 1951-இல் பிறந்த டாக்டர் வி. எஸ். இராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். அரசியலமைப்பு வரைவுக் குழுவின் உறுப்பினராகிய மயிலாப்பூர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரர். பின்னர் கேம்பிரிட்ஜில் ஆய்வுப் பட்டம் பெற்று, அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் பேராசிரியரானார். கை அல்லது கால் அகற்றப்பட்டோர், இல்லாத அவ்வுறுப்பு இன்னும் இருப்பதாகவும், அது வலிப்பதாகவும் உணர்வதை அவர் ஆராய்ந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் உறுப்பிழந்த வீரர்களிடம் இதனைக் கண்ட சிலாஸ் வெயர் மிட்செல் என்னும் மருத்துவர், 1871-இலேயே இதற்கு ‘மாய உறுப்பு’ எனப் பொருள்படும் பெயரைச் சூட்டியிருந்தார். ஆனால் அது ஏன் நிகழ்கிறது என்பது நெடுங்காலம் விளங்காமலே இருந்தது.

நம் மூளையின் மேற்பரப்பில் உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் இடம் உண்டு. அவ்வரைபடத்தில் கைக்குரிய இடமும் முகத்திற்குரிய இடமும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. கையை இழந்த ஒருவரின் கன்னத்தைப் பஞ்சுக் குச்சியால் இராமச்சந்திரன் தொட்டபோது, கன்னத்தில் மட்டுமன்றி, இல்லாத கைவிரலிலும் தொடுவது போல இருக்கிறது என்றார் அந்நோயாளி. கை போனபின்னும் மூளையில் கைக்குரிய இடம் போகவில்லை. அருகிலுள்ள முகத்தின் செய்திகள் அங்கே குடிபுகுந்துவிட்டன என்பது அவர் தந்த விளக்கம்.

சிலருக்கு இல்லாத கை இறுக மூடிய முட்டியாக உணரப்பட்டது. நகங்கள் உள்ளங்கையில் பதிவது போல வலித்தது. திறக்க முயன்றாலும் இயலவில்லை. இதற்கு அவர் செய்த கருவி மிக எளியது. ஒரு பெட்டியின் நடுவே கண்ணாடியை நிறுத்தினார். நலமாயுள்ள கையை ஒருபுறம் வைத்து, கண்ணாடியில் அதன் உருவத்தை நோயாளி பார்க்கும்போது, இழந்த கை மீண்டும் வந்தது போலத் தோன்றும். நலமான கையை விரித்தால், ‘இழந்த கை’யும் விரிவதைக் கண் காண்கிறது. முதலில் சோதித்தவர்களுள் சிலருக்கு அக்கணமே மூடிய முட்டி திறந்தது போன்ற உணர்வும் வலி தணிவும் ஏற்பட்டன. 1990-களின் நடுவில் வெளியான இவ்வாய்வு இன்று உலகெங்கும் கண்ணாடிச் சிகிச்சையாக வழங்குகிறது. இது எல்லோருக்கும் பயன் தருவதில்லை என்பதையும் பிற்கால ஆய்வுகள் காட்டுகின்றன. பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவரின் வழிகாட்டுதலிலேயே இதனைச் செய்யவேண்டும்.

நம் நகரில் இதன் தேவை சிறிதன்று. நீரிழிவினால் ஆறாத புண் ஏற்பட்டுக் காலை இழப்போர் பலர். விபத்தில் இழப்போரும் உளர். செயற்கைக் கால் பொருத்திக்கொள்ளக் கே. கே. நகரிலுள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிறுவனத்தை நாடி வருவோர், “இல்லாத கால் வலிக்கிறது என்று எப்படிச் சொல்வது? பைத்தியம் என்பார்களே” என்று தயங்கி அவ்வலியை மறைக்க வேண்டியதில்லை. அது பித்தும் அன்று, பிரமையும் அன்று. அதற்கு மருந்துகளும் பயிற்சிகளும் உள்ளன. குடும்பத்தார் செய்யத்தக்கது ஒன்றே: கேட்டு, நம்பி, மருத்துவரிடம் எடுத்துரைத்தல்.

2. கவனமும் எதிர்பார்ப்பும்

தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் பண்டிகைக் காலத்து இரைச்சலில் நடந்து செல்லும்போது, ஆயிரம் குரல்கள் நம் செவியில் விழுகின்றன. எதுவும் மனத்தில் தங்குவதில்லை. ஆனால் யாரேனும் நம் பெயரைச் சொல்லி அழைத்தால் உடனே திரும்புகிறோம். வந்துசேரும் செய்திகளுள் சிலவற்றை மட்டும் முன்னிறுத்தி மற்றவற்றைப் பின்தள்ளும் இவ்வாற்றலே கவனம்.

வலியும் இவ்விதிக்கு உட்பட்டதே. இரண்டாம் உலகப் போரில், 1944-இல் இத்தாலியின் அன்சியோ கடற்கரைப் போர்முனையில் பணியாற்றிய ஹென்றி பீச்சர் என்னும் மருத்துவர், பலத்த காயமுற்ற வீரர்களிடம் வலி நிவாரணி வேண்டுமா என்று கேட்டார். ஏறத்தாழ நான்கில் மூவர் வேண்டாம் என்றனர். ஆனால் பொதுமக்களிடையே, அவ்வளவு பெரிய காயமில்லாத அறுவைச் சிகிச்சைக்குப் பின்னும், பெரும்பாலோர் மருந்து கேட்டதை அவர் பின்னர் கண்டார். வீரனுக்குக் காயம் என்பது போர்முனையிலிருந்து வீடு திரும்பும் வழி. நோயாளிக்கோ அது அச்சத்தின் தொடக்கம். காயத்தின் அளவு மட்டுமே வலியின் அளவைத் தீர்மானிப்பதில்லை. அக்காயத்திற்கு மனம் தரும் பொருளும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

இதற்கு உடலில் என்ன வழி என்பதை 1965-இல் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் ஆகிய இருவர் ‘வாயிற் கோட்பாடு’ என்ற பெயரில் விளக்கினர். உடலின் ஓரிடத்திலிருந்து வரும் வலிச் செய்தி, தண்டுவடத்தில் ஒரு வாயிலைக் கடந்தே மூளையை அடைகிறது. அவ்வாயில் அகலத் திறக்கவும் ஒடுங்கவும் கூடும். இடித்துக்கொண்ட முழங்காலை நாம் உடனே தேய்த்துவிடுவது அவ்வாயிலை ஒடுக்கும் இயல்பான செயல். மூளையிலிருந்து கீழிறங்கும் ஆணைகளும் அவ்வாறே செய்யும்: அமைதி வாயிலை ஒடுக்கும், அச்சமும் கவலையும் அகலத் திறக்கும்.

எதிர்பார்ப்பின் வலிமையை மற்றொரு சோதனை காட்டியது. மருந்துச் சத்தில்லாத போலி மருந்தை வலி நிவாரணி என்று நம்பிப் பெறுவோருள் சிலருக்கு உண்மையாகவே வலி குறைகிறது. 1978-இல் கலிபோர்னியாவில் பல் பிடுங்கிக்கொண்டவர்களிடம் நடத்திய ஆய்வில், அபினி வகை மருந்துகளின் செயலைத் தடுக்கும் நலாக்சோன் என்னும் மருந்தைக் கொடுத்தபோது, போலி மருந்தால் கிடைத்த நிவாரணமும் மறைந்தது. அதாவது, நம்பிக்கை உடலுக்குள்ளேயே ஒரு வலி நிவாரணியைச் சுரக்கச் செய்திருந்தது. மனம், உடல் என்று நாம் கோடு கிழிக்குமிடத்தில் இயற்கை கோடு கிழிக்கவில்லை.

பகலெல்லாம் தாங்கக்கூடியதாக இருந்த வலி இரவில் பெருகுவதன் காரணங்களுள் ஒன்று இதனால் விளங்கும். பார்வையாளர் சென்றுவிட்டனர், விளக்குகள் தணிந்தன, கவனத்திற்கு வேறு பற்றுக்கோடு இல்லை. அந்நேரத்தில் மெல்லிய பாட்டு, வானொலி, மென்குரலில் ஒரு பழங்கதை, கையைப் பற்றியிருத்தல் ஆகியவை வெறும் ஆறுதல்கள் அல்ல. வாயிலை ஒடுக்கும் வழிகள். ஆனால் இவை மருந்துக்குத் துணையே, மருந்துக்கு மாற்றல்ல.

3. பழகிப்போன குமட்டல்

அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கப்பட்ட புற்றுநோய் நிலையம் முதல் இன்றைய பல மருத்துவமனைகள் வரை, கீமோதெரபி பெறுவோரிடையே செவிலியர் நன்கறிந்த ஒரு நிகழ்வு உண்டு. மருந்து ஏறிய பின்னரே வரவேண்டிய குமட்டல், மருந்து ஏறுவதற்கு முன்பே வருகிறது. சிலருக்கு மருத்துவமனை வாயிலைக் கண்டவுடன் வரும். சிலருக்குச் சுத்திகரிப்புத் திரவத்தின் மணம் போதும். சிலருக்கு அந்நாளில் உடுத்தும் சேலையே போதும். “இன்னும் ஊசியே போடவில்லையே, அதற்குள் என்ன?” என்று உடனிருப்போர் வியக்கின்றனர்.

இதன் விளக்கம் ரஷ்ய உடலியலறிஞர் இவான் பாவ்லாவின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்ற அவர், நாய்களுக்கு உணவு வாயில் பட்டவுடன் உமிழ்நீர் சுரப்பதை அளந்துவந்தார். நாளடைவில், உணவு வருமுன்னரே, அதனை முன்னறிவிக்கும் ஒலியைக் கேட்டவுடன் உமிழ்நீர் சுரக்கலாயிற்று. உணவு இயல்பான தூண்டல். ஒலியோ அதனுடன் மீண்டும் மீண்டும் இணைந்து வந்தமையால் தூண்டலாக மாறியது. இவ்வகைக் கற்றலை உளவியலார் ஆக்கநிலையுறுத்தம் என்பர். கீமோதெரபியில் மருந்து இயல்பான தூண்டல். குமட்டல் அதன் துலங்கல். மருத்துவமனையின் மணமும் காட்சியும் பாவ்லாவின் ஒலியைப் போன்றவை. நோயாளி இதனை விரும்பிக் கற்கவில்லை. விரும்பாததால் மறக்கவும் இயலாது. மனவலிமைக் குறைவுக்கு இங்கே இடமில்லை.

இக்கற்றல் உணவிலும் நிகழும். 1978-இல் அமெரிக்காவில் இலீன் பெர்ன்ஸ்டைன், கீமோதெரபி பெறவிருந்த சிறாருக்குப் புதுச்சுவையுள்ள ஐஸ்கிரீம் ஒன்றைத் தந்தார். சில வாரங்களுக்குப் பின் மீண்டும் அதனைத் தேர்ந்துகொள்ள வாய்ப்பளித்தபோது, அவர்களுள் சிலரே அதனை விரும்பினர். அம்மருந்தின்றி ஐஸ்கிரீம் மட்டும் உண்ட சிறாருள் பெரும்பாலோர் விரும்பினர். ஒருமுறை குமட்டலோடு இணைந்த சுவையை உடல் நெடுநாள் மறப்பதில்லை. 1987-இல் அவரும் உடன் ஆய்வாளரும் இதற்கு ஒரு தற்காப்பும் கண்டனர்: உணவிற்கும் மருந்திற்கும் இடையே அழுத்தமான சுவையுள்ள மிட்டாய் ஒன்றைத் தந்தால், வெறுப்பு அம்மிட்டாயின்மேல் விழுந்து, உணவு பெரும்பாலும் தப்பிவிடுகிறது.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை மூன்று.

முதலாவது, வாந்தித் தடுப்பு மருந்துகளை முதல் சுற்றிலிருந்தே, மருத்துவர் குறித்த நேரத்தில் தவறாமல் உட்கொள்ளவேண்டும். “குமட்டல் வந்தால் பார்த்துக்கொள்ளலாம்” என்று காத்திருத்தல் கூடாது. குமட்டலே நிகழாவிட்டால் இணைப்பும் உருவாவதில்லை.

இரண்டாவது, நோயாளிக்கு மிகவும் பிடித்த உணவை மருந்தேறும் வேளையை ஒட்டி ஆசையாகச் சமைத்துத் தரவேண்டாம். அம்மா கையால் செய்த வத்தக்குழம்பு, சிகிச்சை முடிந்தபின் உடல் தேறவேண்டிய காலத்தில் தேவைப்படும். அதனைக் குமட்டலுக்குப் பலியிடலாகாது. அன்று எளிய, வழக்கமான உணவே போதும். எது உகந்தது என்பதை உணவியல் வல்லுநரிடம் கேட்டறிக.

மூன்றாவது, இணைப்பு ஏற்கெனவே உருவாகியிருந்தால் தயங்காமல் சொல்லவேண்டும். தசைகளைத் தளர்த்தும் பயிற்சி, மூச்சுப் பயிற்சி, அஞ்சும் சூழலை அமைதியான நிலையில் சிறிதுசிறிதாக எதிர்கொள்ளப் பழகுதல் ஆகிய முறைகளை உளவியலார் கற்பிப்பர். கற்றது எதுவோ, அது தளரவும் கூடும்.

மருத்துவரைக் கண்டவுடன் இரத்த அழுத்தம் உயர்ந்து, வீட்டில் இயல்பாக இருக்கும் ‘வெள்ளைக் கோட்டு’ இரத்த அழுத்தத்திலும் இத்தகைய கற்றலுக்குப் பங்கு உண்டு என்பர். அத்தகையோர் வீட்டில் எடுத்த அளவுகளைத் தேதியிட்டு எழுதி வந்து காட்டுதல் நலம். தாமாகவே மாத்திரையை நிறுத்துதல் கூடாது.

4. வலுவூட்டல்: பேணுவோர் அறியவேண்டியது

கற்றலில் மற்றொரு வகையும் உண்டு. ஒரு செயலின்பின் நல்விளைவு கிட்டினால் அச்செயல் பெருகும். இதனை விரிவாக ஆராய்ந்தவர் பி. எஃப். ஸ்கின்னர். அந்நல்விளைவை வலுவூட்டல் என்பர். குழந்தையைப் பாராட்டுவதும் வலுவூட்டலே. அழும்போதெல்லாம் கைப்பேசியைத் தருவதும் வலுவூட்டலே. எதனை வலுவூட்டுகிறோம் என்பதை நாம் உணராதிருக்கலாம். விதி அப்போதும் செயல்படும்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வில்பர்ட் ஃபோர்டைஸ் என்பவர், நாள்பட்ட வலியுடையோர் வாழ்வில் இவ்விதி எவ்வாறு புகுகிறது என்று கண்டு 1976-இல் நூலாக எழுதினார். தாத்தா முனகினால் வீடே ஓடி வருகிறது. அவர் எழுந்து பத்தடி நடந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. “நீங்கள் எழவேண்டாம், நான் எடுத்துத் தருகிறேன்” என்று மகளும் மருமகளும் போட்டியிடுகின்றனர். சில மாதங்களில் நடை குறைகிறது. நடை குறையத் தசைகள் மெலிகின்றன. தசை மெலிய வலி மிகுகிறது. இங்கே யாரும் நடிக்கவில்லை. யாரும் தவறு செய்யவுமில்லை. அன்பு, தான் அறியாமலே, படுக்கையை வலுவூட்டிவிட்டது.

மாற்றம் எளியது. நோயாளி நடந்துவரும்போதும், தாமே குளிக்கும்போதும், பயிற்சி செய்யும்போதும் அருகில் சென்று பேசுக, பாராட்டுக. பேச்சை எப்போதும் “வலி எப்படி இருக்கிறது?” என்று தொடங்காமல், வீட்டுச் செய்தி, கிரிக்கெட், கோயில் திருவிழா என்று தொடங்குக. பயிற்சியை ‘வலிக்கும்வரை’ என்று வைக்காமல், இயன்முறை மருத்துவர் குறித்த அளவில் வைத்து, அவ்வளவு முடிந்ததும் ஓய்வு தருக. அப்போது ஓய்வு வலிக்கன்று, முயற்சிக்குக் கிடைக்கும் பரிசாகிறது.

ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. முனகலைப் புறக்கணியுங்கள் என்பது இதன் பொருளன்று. புதிய வலி, திடீரென மாறிய வலி, மார்பு வலி, காய்ச்சலோடு வரும் வலி, மரத்துப்போதலோ பலவீனமோ சேர்ந்த வலி ஆகிய எதுவாயினும் உடனே மருத்துவரிடம் தெரிவிக்கவேண்டும். இங்குக் கூறியவை, மருத்துவர் முழுமையாக ஆராய்ந்து காரணம் கண்ட நாள்பட்ட வலிக்கே உரியன.

5. நினைவின் இயல்பு

மருத்துவர் அறையில் பத்து நிமிடம் பேசிவிட்டு வெளியே வருகிறோம். மின்தூக்கி கீழ்த்தளத்தை அடைவதற்குள், “காலையில் ஒன்றா, இரண்டா? சாப்பாட்டிற்கு முன்னா, பின்னா?” என்ற ஐயம் எழுகிறது. இது முதுமையின் அடையாளமன்று. கவனக் குறைவும் அன்று. ஒருமுறை கற்றது தொடக்க மணிகளிலேயே மிக விரைவாக மறந்துபோகிறது என்பதை, பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து அளந்து, 1885-இல் ஹெர்மன் எப்பிங்காஸ் நிறுவினார். மனம் ஒரே வேளையில் தாங்கிக்கொள்ளும் செய்திகள் ஏறத்தாழ ஏழு என்று 1956-இல் ஜார்ஜ் மில்லர் எழுதினார்; அச்சம் நிறைந்த மனத்திற்கு அதுவும் குறையும். ‘கட்டி’ என்ற ஒரு சொல் காதில் விழுந்தபின், அதனையடுத்து மருத்துவர் சொன்ன இருபது சொற்கள் செவியில் விழுந்தும் விழாமலே போவது இயல்பு.

ஆகவே, கேட்க வேண்டியவற்றை முன்னரே தாளில் எழுதிச் செல்க. உடன் ஒருவர் சென்று குறிப்பெடுப்பது நன்று. விடைபெறுமுன், “நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள் டாக்டர்” என்று கூறி நீங்களே ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். இதனை எந்த மருத்துவரும் குறையாகக் கருதமாட்டார். மருந்துப் பிழைகள் பல இவ்வொரு நிமிடத்தில் தவிர்க்கப்படும்.

நினைவு குறைவது மட்டுமன்று, மாறவும் செய்கிறது. 1996-இல் டொனால்ட் ரெடெல்மெயரும் டேனியல் கானமனும் வெளியிட்ட ஆய்வில், பெருங்குடல் அகநோக்குப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் தம் வலியைக் கணந்தோறும் மதிப்பிட்டனர். சிலருக்கு அச்சோதனை 4 நிமிடத்தில் முடிந்தது; சிலருக்கு 69 நிமிடம் ஆயிற்று. பின்னர் மொத்த அனுபவத்தை நினைவுகூர்ந்தபோது, எவ்வளவு நேரம் துன்புற்றோம் என்பது பெரிதாகக் கணக்கில் வரவில்லை. மிகக் கடுமையாக வலித்த கணமும், இறுதிக் கணங்களுமே நினைவைத் தீர்மானித்தன.

எனவே, “சென்ற வாரம் வலி எப்படி இருந்தது?” என்று மருத்துவர் கேட்கும்போது நினைவை மட்டும் நம்புதல் போதாது. சிறு குறிப்பேடொன்றில் நாள்தோறும் காலை, மாலை, இரவு மூவேளையும் வலியைப் பூச்சியம் முதல் பத்து வரை எண்ணால் குறித்துவைக்கலாம். அதுபோலவே, குழந்தைக்கு ஊசி போட்டபின் அழுகையோடே இழுத்துக்கொண்டு ஓடாமல், சில நிமிடம் அமரவைத்து, மடியில் தட்டிக்கொடுத்து, அமைதியான பின் அழைத்துச் செல்லுங்கள். அடுத்த முறை அக்குழந்தை மருத்துவமனையை நினைவுகூரும்போது, அவ்விறுதி நிமிடங்களும் உடன் வரும்.

யாரிடம் செல்வது?

மனநல மருத்துவர் என்பவர் மருத்துவப் பட்டம் பெற்று மனநலத்தில் சிறப்புப் பயிற்சி பெற்றவர். மருந்து எழுதித் தருபவர். மருத்துவ உளவியலாளர் என்பவர் உளவியல் பயின்று, சோதனைகள், பேச்சுச் சிகிச்சை, பயிற்சிகள் ஆகியவற்றால் உதவுபவர். பல நேரங்களில் இருவரும் இணைந்து பணியாற்றுவர். அவர்களிடம் அனுப்பப்படுவது, “உங்களுக்கு உடலில் நோயில்லை” என்ற தீர்ப்பு அன்று. சிகிச்சையின் ஒரு பகுதி. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல்நோய்க்கு நிகராக மனநோய்க்கும் காப்பீடு வழங்கவேண்டும் என்று காப்பீட்டு நிறுவனங்களுக்கு விதித்துள்ளது.

உறக்கமின்மை, எதிலும் பற்றின்மை, இடைவிடாத அழுகை, வாழ்வதில் பொருளில்லை என்னும் பேச்சு ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் காத்திருக்கவேண்டாம். உயிரை மாய்த்துக்கொள்வது பற்றிய பேச்சு எழுந்தால் ஒரு நாளும் காத்திருக்கவேண்டாம். இது நோயாளிக்கு மட்டுமன்றி, இரவு பகலாகப் பேணும் உங்களுக்கும் பொருந்தும். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. தமிழக அரசின் சுகாதார உதவி எண் 104. இரண்டிலும் தமிழில் பேசலாம்.

இனி, “மனப்பிரமை” என்ற சொல் நாவின் நுனிக்கு வரும்போது, அதற்கு மாறாக மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: “எப்போது தொடங்கியது? எதனால் கூடுகிறது? எதனால் குறைகிறது?” விடைகளை எழுதிவைத்து அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள். நோயாளிக்கு, தம்மை ஒருவர் நம்புகிறார் என்ற உறுதி கிடைக்கும். மருத்துவருக்கு, எந்தக் கருவியாலும் படமெடுக்க இயலாத ஒரு தகவல் கிடைக்கும்.